பேலியோவில் 9 கிலோ குறைந்தது, ஆயுசுக்கும் இப்படியே சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, ஈரோடு பக்கம் ஜவுளி வியாபாரம். 4 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுக்கிறேன். 4 மாதமாகப் பேலியோவில், அதாவது மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பும் புரதமும் சாப்பிடும் முறையில், இருக்கிறேன். காலையில் 100 பாதாம், மதியம் முட்டையும் நெய்யில் வதக்கிய காயும், இரவு சிக்கன் அல்லது மட்டன். எடை 92 கிலோவிலிருந்து 83 ஆகிவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4 இருந்தது, இப்போது 6.5. ஆனால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 122இலிருந்து 178க்கு ஏறியிருக்கிறது. சில நாள் மதியம் கை நடுங்கி வேர்க்கிறது. வெண்ணெய் போட்ட டீ குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வீட்டில் எனக்கென்று தனியாகச் சமைக்கிறார்கள். சோறு, பருப்பு எதையும் தொடாமல் கடைசிவரை இப்படியே இருக்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அந்தக் கை நடுக்கம். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை, சோறு சாப்பிட்ட காலத்தில் உங்களுக்குத் தந்த அளவு அது. சோறு போய்விட்டது, மாத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது, அதனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறது என்றே நினைக்கிறேன். வெண்ணெய் டீ இதற்கு உதவாது, கொழுப்பு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. அடுத்த முறை நடுங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். உங்கள் மருத்துவரை இன்றே கூப்பிட்டு மாத்திரை அளவைப் பற்றிப் பேசுங்கள். வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவே கூடாது. ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று போய் நிற்கும், மீட்டரில் சர்க்கரை மட்டும் பெரிதாக ஏறாமல் இருப்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

சரி, உங்கள் 9 கிலோ. அதில் முதல் வாரங்களில் போன 2, 3 கிலோ பெரும்பாலும் தண்ணீர். உடலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். மீதி உண்மையான குறைவு. 8.4இலிருந்து 6.5க்கு வந்தது நல்ல வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அது பருப்பை நிறுத்தியதால் வந்ததா? சர்க்கரை, மைதா, தட்டு நிறையச் சோறு, கடையில் உட்கார்ந்து கொறித்த பலகாரம் எல்லாம் போனதால் வந்ததா? 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 609 பேரில் ஒரு பகுதியினர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள், மற்றவர்கள் கொழுப்பைக் குறைத்தார்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைக்கச் சொன்னது மட்டும் இரு தரப்புக்கும் பொது. ஒரு வருடத்தில் முதல் தரப்பு சராசரியாக 6 கிலோ குறைந்தது, இரண்டாம் தரப்பு 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை.

எல்டிஎல் 178தான் எனக்குக் கவலை. 'எடை குறையும்போது ஏறும், அது நல்ல வகை எல்டிஎல்' என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், நான் அதை ஏற்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது 100க்குக் கீழே இருக்க வேண்டும், உங்கள் வயதில் பலருக்கு 70க்குக் கீழே. இன்னும் 20, 30 வருடம் இதே அளவில் ரத்தக் குழாய்கள் தாங்க வேண்டும் என்று நினைக்கும்போது, ஆயுசுக்கும் இப்படியே என்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், மட்டன் கொழுப்பு ஆகியவற்றை நன்றாகக் குறைத்து, கடலையெண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக ஊற்றுங்கள். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள்.

அதற்காகப் பழைய தட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர்கள் டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் 2022இல், 18,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் உணவுக் கணக்கை வைத்துச் சொன்னது, மாவுச்சத்து மொத்தக் கலோரியில் பாதி அளவுக்கு இறங்கி, புரதம் 20 சதவீதத்துக்கு ஏறினால் சர்க்கரை நோய் கட்டுக்குள் வர நல்ல வாய்ப்பு உண்டு என்பது. பாதி போதும், பூஜ்ஜியம் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே கொள்ளுப் பருப்பு இருக்கிறது, புரதமும் நாரும் நிறைந்தது, அதை எதற்கு ஒதுக்க வேண்டும்? மதியம் ஒரு கரண்டிச் சோறு, அதைப்போல் இரண்டு பங்கு காய், கொள்ளு அல்லது பாசிப்பயறு, கூட முட்டையோ மீனோ. இதை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம், தனிச் சமையல் தேவைப்படாது, பொங்கலன்று நீங்கள் மட்டும் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. என்னிடம் வருபவர்களில் திரும்ப எடை ஏறியவர்கள் பலரும் இந்தத் தனிச் சமையல் சலித்துப்போய் விட்டவர்கள்தான்.

பாதாமை 20ஆகக் குறையுங்கள். 100 பாதாம் என்பது 600 கலோரிக்கு மேல், அதில் ஆக்சலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நல்லதில்லை.

சோறு மறுபடி சேர்த்ததும் முதல் வாரமே ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். பயந்து விட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன அதே தண்ணீர்தான் திரும்பி வந்திருக்கும். 12 வாரம் கழித்து எல்டிஎல், மூன்று மாதச் சராசரி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.