பிரெஞ்சு வினைச்சொல்லுக்குப் பின் வரும் சிறுசொல் ஏன் அர்த்தத்தையே மாற்றுகிறது?

பிரெஞ்சில் வினைக்குப் பின்னால் 'ஆ', 'து' போன்ற குட்டிச் சொற்கள் வரும். முன்னிடைச்சொற்கள் என்பார்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும், அங்கே அதே வேலையை இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன, அவ்வளவுதான். 'அம்மாவிடம் பேசினேன்', 'அம்மாவைப் பற்றிப் பேசினேன்' இரண்டும் ஒன்றா? 'பார்லே' என்றால் பேசுதல்; 'பார்லே ஆ', 'பார்லே து' என்பதும் அப்படித்தான்.

காரணம், 'ஆ' பெரும்பாலும் ஒன்றை நோக்கிப் போகும், 'து' ஒன்றிலிருந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'தெனீர்', அதாவது கையில் பிடித்துக்கொள்ளுதல். 'இல் தியேன் ஆ ஸ மேர்' என்றால் அவனுக்கு அம்மாமேல் உயிர். 'ஆ'வை எடுத்துவிட்டு 'து' போட்டுப் பாருங்கள்: அவன் அம்மாவை உரித்து வைத்திருக்கிறான்! பாசம் அவளை நோக்கிப் போகிறது, சாயல் அவளிடமிருந்து வருகிறது. எவ்வளவு அழகு!

அப்புறம் 'ழுவே', அதாவது விளையாடுதல், வாசித்தல்: ஃபுட்பால் விளையாட 'ஆ', கிதார் வாசிக்க 'து'.

சரி, 'ஆ' என்றாலே 'க்கு' என்று பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அது தவறு, 'ஒருவரிடம் கேட்பது'கூட 'துமாந்தே ஆ'தான். வினையையும் சிறுசொல்லையும் சேர்த்தே படியுங்கள்.