டியூப் வைத்தால் வாய்ச் சாப்பாடு நின்றுவிடுமா?

(குழந்தைகள் அறுவைப் பிரிவில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ரெட் சிண்ட்ரோம் என்று 3 வயதில் சொன்னார்கள். பேசிய நாலு வார்த்தையும் போய், இப்போது எந்நேரமும் கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். எடை 12 கிலோதான். ஒரு வேளை ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தண்ணீர் கொடுத்தால் இருமல். இந்த வருஷம் இரண்டு முறை நிமோனியா வந்து அட்மிட் ஆனாள். வயிற்றில் டியூப் வைக்கலாம் என்கிறார் டாக்டர். “வாயால சாப்பிடுற பிள்ளைக்கு வயித்துல எதுக்கு ஓட்டை?” என்று என் மாமியார் அழுகிறார். நான் இன்னும் பொறுமையாக ஊட்டியிருக்க வேண்டுமோ என்று எனக்கும் மனசு குத்துகிறது. மூக்கு வழியாகவே டியூப் போட்டுச் சமாளிக்க முடியாதா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் பொறுமைக்கும் அவள் எடைக்கும் சம்பந்தமே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட் சிண்ட்ரோம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நோய்; பெரும்பாலும் எம்இசிபி2 என்ற மரபணுவில் தானாக ஏற்படும் மாற்றத்தால் வருவது. அநேகமாகப் பெண் குழந்தைகளுக்குத்தான் வரும். வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற டாக்டர் 1966இல் இதைப் பற்றி எழுதினார். எந்த மரபணு என்று 1999இல்தான் தெரிந்தது. இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பசி நன்றாகவே இருக்கும், சாப்பாட்டின் மேல் ஆசையும் இருக்கும். ஆனால் நாக்கு கவளத்தைச் சரியாகப் பின்னால் தள்ளாது. மூச்சு விடுவதும் விழுங்குவதும் ஒத்துப்போகாது. நீங்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து ஊட்டினாலும் இது மாறாது.

கணக்குப் பாருங்கள். மூன்று வேளைக்கு நாலரை மணி நேரம். ஊட்டுவதற்கே ஒரு நாளில் மொத்தம் 3 மணி நேரத்துக்கு மேல் போனால் டியூப் பற்றி யோசிக்க வேண்டும் என்று ஐரோப்பியக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதோடு எடை ஏறவில்லை, இரண்டு முறை நிமோனியா. தண்ணீருக்கு இருமுகிறாள் என்றால் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சில பிள்ளைகள் இருமவே மாட்டார்கள், சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற பொருளை உணவில் கலந்து கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப் சில வாரங்களுக்குச் சரி. மாதக்கணக்கில் வேண்டாம் என்பேன். மூக்கும் தொண்டையும் புண்ணாகும், கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி தோலை உரிக்கும், பிள்ளை பிடுங்கிவிடுவாள். ஒவ்வொரு முறை திரும்பப் போடும்போதும் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். காற்றை ஊதிக் காதால் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது. டியூபில் உறிஞ்சி எடுத்த நீரை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் வைத்துப் பார்த்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்ரே. ஆனால் உங்கள் மகளுக்கு ரைல்ஸ் டியூபால் ஒரு நல்ல உபயோகம் உண்டு: ஆபரேஷனுக்கு முன்பு சில வாரங்கள் அதன் வழியாகக் கொடுத்து உடம்பைத் தேற்றலாம். மிகவும் மெலிந்த உடம்பில் புண் ஆறத் தாமதமாகும், கிருமியும் சீக்கிரம் பிடிக்கும். அதனால்தான் எல்லாம் கைமீறின பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். அப்படித் தள்ளிப்போட்டு ஐசியூவிலிருந்து நேராக ஆபரேஷனுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது எல்லோருக்கும் கஷ்டம்.

வயிற்றில் வைப்பதைப் பெக் டியூப் என்பார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் வைப்பது. 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதலாகச் செய்தார்கள். அதுவும் ஒரு நாலரை மாதக் குழந்தைக்கு! பிள்ளைகளுக்காகவே பிறந்த முறை இது. புண் நன்றாக ஆறி, சில வாரங்களோ மாதங்களோ போன பிறகு தோலோடு ஒட்டிய பட்டனாக மாற்றிக்கொள்ளலாம். சட்டைக்கு மேல் தெரியாது. குளிக்கலாம், குப்புறப் படுக்கலாம். இன்னொன்று: ரெட் பிள்ளைகள் காற்றை விழுங்கி வயிறு உப்பிப்போய் அழுவார்கள் இல்லையா, அந்தக் காற்றை டியூப் வழியாகவே திறந்து விடலாம். துப்பிவிடும் வலிப்பு மருந்தும் முழு அளவு உள்ளே போகும். தண்ணீர் போதுமான அளவு போவதால் மலச்சிக்கல் குறையும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். துளையைச் சுற்றிக் கிருமி தொற்றலாம், சதை வளரலாம், கசியலாம். அபூர்வமாக வயிற்றுக்குள்ளேயே தொற்று ஆகலாம். ரெட் பிள்ளைகளில் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்புக்குப் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம்) நீண்டிருக்கும், அதனால் மயக்க மருந்துக்கு முன்னால் ஈசிஜி கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மூச்சை நிறுத்துகிறாளா, முதுகு வளைந்திருக்கிறதா என்பதையும் மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் மாமியார். அவர் அழுவது பேத்தியின் மேல் உள்ள பாசத்தால். அவரை ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே டியூப் வைத்திருக்கும் ஒரு பிள்ளையைக் காட்டச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். ஆயிரம் விளக்கத்தைவிட அது பலன் தரும். வாய் வழியாகக் கொடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். விழுங்கும் பரிசோதனையில் பாதுகாப்பு என்று வந்தால், கெட்டித் தயிர், நன்றாக மசித்த வாழைப்பழம், ஒரு ஸ்பூன் கேசரி என்று ருசிக்காகக் கொடுக்கலாம். தண்ணீரும் ரசமும்தான் அதிக ஆபத்து; நீர்த்தது சீக்கிரம் தப்பான வழியில் ஓடிவிடும். சத்துக்கு டியூப், சந்தோஷத்துக்கு வாய். அந்த ஸ்பூனைப் பாட்டி கையில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டியூப் வந்ததும் ஆசையில் அதிகமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஓடியாடாத பிள்ளைக்குத் தேவைப்படும் கலோரி குறைவு. எடை அளவு மீறினால் தூக்கவும் குளிப்பாட்டவும் நீங்கள்தான் திண்டாடுவீர்கள். உணவியல் நிபுணர் எழுதித் தரும் அளவுதான் அளவு. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். அறிவுசார் குறைபாடு அல்லது பல்வகை ஊனம் என்று சான்றிதழ் இருந்தால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு 4 வயது, லீ சிண்ட்ரோம் (மூளையைப் பாதிக்கும் மரபணு நோய்). ஒரு வருஷமாகப் பட்டன் இருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் பிடுங்கிவிட்டான். விடிந்து பார்த்துக் கூட்டிப் போனோம். துளை சுருங்கிவிட்டது என்று மறுபடி மயக்க மருந்து கொடுத்து வைத்தார்கள். இனி இப்படி ஆனால் என்ன செய்வது?
– ஒரு தாத்தா, விருதுநகர்

பதில்: ஐயா, சில மணி நேரத்திலேயே துளை மூட ஆரம்பித்துவிடும். எப்போதும் வீட்டில் ஒரு மாற்று டியூப், ஒரு சைஸ் சின்னதாக இன்னொன்று வைத்திருங்கள். எப்படிப் போடுவது என்று வீட்டில் இரண்டு பேராவது வார்டில் கற்றுக்கொள்ளுங்கள். பழைய துளைதான் என்பதால், கற்றுக்கொண்டவர் ஜெல்லி தடவி மெதுவாகச் செருகி, பிளாஸ்திரி போட்டு, உடனே மருத்துவமனைக்குக் கிளம்பலாம். அழுத்தம் கொடுத்துத் தள்ளக் கூடாது. உள்ளேதான் இருக்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. புதிதாக வைத்து இரண்டு மூன்று மாதம் ஆகாத துளை என்றால் வீட்டில் எதையும் செருகாதீர்கள், அப்படியே ஓடுங்கள். இப்போது மறுபடி வைத்திருப்பது எந்தக் கணக்கில் வரும் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டன் வெளியே வராமல் வயிற்றுக்குள் பிடித்திருப்பது ஒரு சின்ன பலூன். வாரத்துக்கு ஒருமுறை அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பலூன் பழுதாகிறது. காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், சலைன் கூடாது. இரவில் வயிற்றை மூடும் உள்பனியன் போடுங்கள்.

கேள்வி: கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தால் டியூப் அடைத்துக்கொள்கிறது. கோலா ஊற்றினால் சரியாகும் என்கிறார்களே?
– தாய், தஞ்சாவூர்

பதில்: ஊற்றாதீர்கள், பாலோடும் கஞ்சியோடும் சேர்ந்தால் உள்ளேயே திரியும். வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுங்கள். சின்ன சிரிஞ்சு அழுத்தம் அதிகம், டியூபே வெடிக்கும். கம்பி, குச்சி எதுவும் விடாதீர்கள். அரை மணி நேரம் பார்த்தும் திறக்காவிட்டால் மருத்துவமனைதான்.

கேழ்வரகு ஆற ஆறக் கெட்டியாகும். கரண்டியில் எடுத்துப் பார்க்கும்போது சரியாகத்தான் இருக்கும், சிரிஞ்சில் ஏறும்போது இறுகியிருக்கும். முளைகட்டிய மாவில் காய்ச்சினால் நீர்த்து இருக்கும். மெல்லிய வடிகட்டியில் இரண்டு தரம் வடிகட்டுங்கள். மெல்லிய டியூப் என்றால் வீட்டுக் கஞ்சி அதற்கு ஏற்றதா என்றே முதலில் கேளுங்கள். கஞ்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும். மருந்துகளைக் கஞ்சியில் கலக்காமல் ஒவ்வொன்றாக, நடுவில் தண்ணீர் விட்டுக் கொடுங்கள். மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் உணவோடு சேர்ந்தால் அது சரியாக உடம்பில் சேராது, எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். காய்ச்சிய கஞ்சியை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மீந்தால் கொட்டிவிடுங்கள். கொடுக்கும்போதும், கொடுத்த பிறகு குறைந்தது அரை மணி நேரமும் தலையணை வைத்து நிமிர்த்தி வையுங்கள்.