கண்ணாடிக்குள் அயனி ஓடுவதை என்எம்ஆர் எப்படிக் காட்டுகிறது?

கேள்வி: கண்ணாடியில் லித்தியம் அயனி நகர்கிறதா என்று பார்க்க மின்கடத்துத்திறனை அளந்தால் போதாதா? என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது காந்தத்துக்குள் அணுக்கருக்கள் தரும் சிக்னலை அளக்கும் முறை) எதற்கு?

லித்தியம் சல்பைடு கண்ணாடித் தூளைக் காற்றுப் படாமல் குழாயில் அடைத்துக் காந்தத்துக்குள் இறக்குவதிலேயே ஆராய்ச்சிக் காலத்தின் பாதியைக் கழித்தவன் நான். அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் சொல்வேன்: போதாது.

நேர்மின்னோட்டக் கடத்துத்திறனில் தெரிவது, அயனிகள் நெடுந்தூரம் போய்ச் சேர்ந்த கணக்கு. ஓர் அயனி பக்கத்து இடத்துக்குத் தாவி, உடனே பழைய இடத்துக்கே திரும்பினால் அது அதில் வராது. என்எம்ஆரில் அணுக்கருவே சாட்சி. அந்தத் தாவலும் பதிவாகும். லித்தியம்-7 இதற்கு வசதி. இயற்கை லித்தியத்தில் 92 சதவீதத்துக்கு மேல் அதுதான், சிக்னலும் பலமாக இருக்கும்.

குளிரில் அயனிகள் இருந்த இடத்திலேயே கிடக்கும். அக்கம்பக்கத்துக் கருக்களின் காந்தப்புலம் ஒவ்வோர் அயனிக்கும் வெவ்வேறாக இருப்பதால் நிறமாலைக் கோடு பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்திருக்கும். சூடாக்கினால் தாவல் தொடங்கும். விநாடிக்குப் பல்லாயிரம் தாவலைத் தாண்டும்போது அந்த வேறுபாடுகள் சராசரியாகி, கோடு ஒடுங்கிவிடும். ஒடுங்கும் வெப்பநிலையை மட்டும் வைத்துக் கிளர்வு ஆற்றலை, அதாவது அயனி தாவுவதற்குத் தாண்ட வேண்டிய தடையின் உயரத்தை, சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நான் நம்புவது டி1 தளர்வு நேரத்தை. கலைத்துவிட்ட கருக்காந்தம் பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரம் அது. புளோம்பர்கன், பர்செல், பவுண்ட் 1948இல் தந்த கோட்பாட்டின்படி, வெப்பநிலை ஏற ஏற டி1 குறைந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். 9.4 டெஸ்லா காந்தத்தில் லித்தியம்-7இன் அதிர்வெண் சுமார் 155 மெகாஹெர்ட்ஸ். தாவல் வீதம் இந்த அதிர்வெண்ணின் பல மடங்காகும்போதுதான் அடிமட்டம் வரும். ஆக, அங்கே அயனி விநாடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் தாவுகிறது!

சரி, சிக்கல் எங்கே? கோட்பாட்டின்படி டி1 வரைபடத்தில் அடிமட்டத்தின் இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியில் குளிர்ப் பக்கச் சரிவு படுத்துக்கிடக்கும். அதிலிருந்து வரும் கிளர்வு ஆற்றல், கடத்துத்திறன் தருவதைவிடக் குறைவு. முதலில் என் அளவீட்டில்தான் தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை. அந்தப் பக்கத்தில் தெரிவது முன்னும் பின்னுமான குட்டித் தாவல்கள். நெடுந்தூரம் போகும் அயனிதான் உயரமான தடைகளையும் ஏற வேண்டும். நீங்கள் தேடும் விஷயமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வெப்பப் பக்கச் சரிவைப் பார்க்கும் ஆசையில் ஒருமுறை வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போய், மாதிரி படிகமாகிவிட்டது. ஆறவைத்து மறுபடி அளந்தால் பழைய எண் ஒன்றும் வரவில்லை, மூன்று வாரம் போச்சு. நீங்கள் தொடங்குவதானால் படிகமாகும் வெப்பநிலையை முதலில் டிஎஸ்சியில் (சூடாக்கும்போது மாதிரி வெப்பத்தை உள்வாங்குவதையும் வெளிவிடுவதையும் அளக்கும் கருவி) பார்த்துவிடுங்கள்.