பி.காம் படித்தவனுக்குக் குடோனில் என்ன வேலை?

"டிகிரி முடிச்சுட்டு மூட்டை தூக்கவா?" என்று கேட்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் உங்கள் மகனுக்கு அழைப்பு வந்திருக்கும், சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தின் ஆன்லைன் விற்பனைக் கிடங்கு, நீங்கள் பார்த்துப் பழகிய குடோன் அல்ல. பழைய குடோனில் ஒரு கடைக்கு மொத்தமாக நூறு பெட்டி ஏறும். இங்கே நூறு வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு, வரிக்காக மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருக்கும் கட்டாயமும் குறைந்தது, கிடங்குகள் பெரிதாகின.

உள்ளே போனால் சோப்புக்குப் பக்கத்தில் சார்ஜர் இருக்கும். எங்கே காலி இடமோ அங்கே வைப்பதுதான் முறை. பொருள் வைக்கும் ஒவ்வொரு அறைக்கும், அதாவது பின்னுக்கும் (bin), ஒரு பார்கோடு. பொருளை ஸ்கேன் செய்து, பின்னை ஸ்கேன் செய்து, அதிலேயே வைக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பின்னை ஸ்கேன் செய்துவிட்டு அடுத்ததில் வைத்தால் போச்சு. சிஸ்டத்தில் இருப்பு 1 என்று காட்டும், எடுக்கப் போனவர் கையில் ஒன்றும் கிடைக்காது, ஆர்டர் ரத்தாகும். யாராவது அந்த அடுத்த பின்னை எண்ணிப் பார்க்கும்வரை பொருள் அங்கேயே கிடக்கும்.

இப்படித் தொலைந்ததைத் தேடிக் கணக்கை நேராக்குவது இன்வென்டரி கன்ட்ரோல் பிரிவு. பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது வங்கிக் கணக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடிப்பது, போட்டுப் பழகிய பி.காம். பையனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அங்கே கிடையாது. முதலில் ஆர்டருக்கான பொருளை எடுத்து வரும் பிக்கிங்கில் சேரட்டும், தரை வேலை தெரியாமல் தவறு எங்கே நடந்தது என்று பிடிக்க முடியாது. ஆனால் எக்செல்லில், ஒரு பட்டியலிலிருந்து விவரம் தேடி எடுக்கும் வி-லுக்கப்பும், தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் இப்போதே கைவர வேண்டும்.

ரிட்டர்ன்ஸ் பிரிவும் மோசமில்லை. திரும்பி வந்த போனின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பில்லோடு பொருந்துகிறதா, மறுபடி விற்கலாமா, விற்பனையாளருக்கே அனுப்புவதா என்று முடிவெடுக்கும் வேலை அது.

பேக்கிங்கை மட்டமாக நினைக்காதீர்கள். 300 கிராம் சட்டையை 30×25×20 செ.மீ. பெட்டியில் போட்டால், நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் வழக்கமான கூரியர் கணக்கில் அது 3 கிலோ. கட்டணமும் அதற்குத்தான், அதனால் சரியான பெட்டியைத் தேர்வதும் ஒரு திறமை.

சேருவதற்கு முன் கேளுங்கள்: சம்பளம் கம்பெனி நேரடியாகத் தருகிறதா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? தீபாவளி சீசனுக்கு மட்டும் எடுக்கிறார்களா? நைட் ஷிஃப்டுக்குப் பஸ் விடுகிறார்களா? ஷிஃப்ட் பெரும்பாலும் நின்றபடிதான், அதைப் பையனிடமே கேட்டுவிடுங்கள். வேலை வாங்கித் தர முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.