அழகுப் புற்களும் வளர்ப்பு நாயும்: கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்தில் பாம்பாஸ் புல் வைக்க விரும்புகிறோம். எதைக் கண்டாலும் கடிக்கும் 8 மாதக் குட்டி ஒன்று இருக்கிறது. அந்தப் புல் நஞ்சாகுமா?

பதில்: நஞ்சாகாது. ஆயினும் அதன் இலை விளிம்பில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத பற்கள் வரிசையாக அமைந்திருப்பதால், கையுறையின்றிக் கத்தரிப்பவரின் விரலையே அது அறுத்துவிடும். மென்று பார்க்கும் குட்டியின் நாக்கும் ஈறும், உரசி ஓடும் நாயின் கண்ணும் காயப்படக்கூடும். குட்டி ஓடியாடும் பாதையை ஒட்டி இதை நட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: ஃபவுண்டன் கிராஸின் பூங்கதிர்கள் எங்கள் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அஞ்ச வேண்டுமா, ஐயா?

பதில்: அந்தப் புல்லுக்கு நச்சுத்தன்மை இல்லை, கதிரின் இழைகளும் மென்மையானவை. சீவி எடுத்தால் போதும். அஞ்ச வேண்டியது அதைப் போலவே அழகுக்காகச் சிலர் வளர்க்கும் ஃபாக்ஸ்டெயில் பார்லியைத்தான். காய்ந்து உதிரும் அதன் விதையோடு ஒட்டியிருக்கும் நீண்ட சுணையில் பின்னோக்கிய நுண்முட்கள் இருப்பதால், அது முன்னோக்கி மட்டுமே நகரும். நாய் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே உள்ளே போகும். விரலிடுக்கு, காது, மூக்கு, கண்ணிமை ஆகியவை அது நுழையும் வழிகள். உடலுக்குள் கரையாமல் தங்கிச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். மூச்சோடு உள்ளிழுக்கப்பட்டு நுரையீரல் வரை சென்றுவிடுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதுதான் இதில் பெருந்தொல்லை.

நாய் திடீரென விடாமல் தும்மினாலோ, தலையை ஒருபுறமாகச் சாய்த்து உதறினாலோ, ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினாலோ கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காதுக்குள் நீங்களே பஞ்சுக் குச்சியை விட்டால் சுணை இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். இந்தப் புல்லை வேரோடு எடுத்துவிடுவதே நல்லது. மனம் வரவில்லையென்றால், கதிர் பச்சையாக இருக்கும்போதே வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: மாண்டோ கிராஸ் பாதுகாப்பானதா?

பதில்: பெயரில்தான் புல், உண்மையில் அது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகளால் தொல்லை அரிது; நீலநிறப் பழங்களை நிறையத் தின்றால் வாந்தி வரலாம். புல்லைப் போன்ற இலைகளையுடைய மற்றொரு செடியான ரெயின் லில்லியைப் பற்றித்தான் நான் கூடுதலாக எச்சரிப்பேன்: அதன் கிழங்கு நஞ்சு, மண்ணைத் தோண்டும் நாய்க்குக் கிழங்குதான் முதலில் அகப்படும்.

கேள்வி: லெமன் கிராஸைத் தின்ற நாய் ஒருமுறை வாந்தி எடுத்தது. வீட்டிலேயே ஏதேனும் கொடுக்கலாமா?

பதில்: குடிநீர் மட்டும் வையுங்கள். புல் மேய்வது நாய்களின் வழக்கம்தான். லெமன் கிராஸில் உள்ள எண்ணெய் வயிற்றைச் சற்று உறுத்தும் என்பதால் ஒருமுறை வாந்தியோடு அடங்கிவிடுவதே மிகுதி. மேலும் வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புநீர் புகட்டாதீர்கள். அது சோடியத்தை அபாயகரமான அளவுக்கு உயர்த்திவிடும். வாந்தி தொடர்ந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, உடல் நடுங்கினாலோ தாமதிக்கக் கூடாது. நடுக்கம் இருந்தால் புல்லை விட்டுவிட்டு, அண்மையில் அங்கே நத்தைகளைக் கொல்லும் மருந்து தூவப்பட்டதா என்று பாருங்கள். அதில் மெட்டால்டிஹைடு இருந்தால் அது உயிருக்கே ஆபத்து, ஆகவே அதன் உறையையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.