வவ்வால் கடிக்கு ரேபிட் கிட்டை நம்பலாமா?

காட்பாடியில் மொட்டைமாடியில் கிடந்த வவ்வாலைப் பையன் தூக்கியிருக்கிறான், விரலில் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளி, ரேபிஸ் (வெறிநோய்) கிருமி இருக்கிறதா என்று சீக்கிரம் காட்டும் ரேபிட் கிட் வாங்கி வவ்வாலைச் சோதித்துவிட்டு, தடுப்பூசி போடுவதை முடிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் சார். முதலில் விரலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் இன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை. வவ்வால் கடித்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே தடுக்கும் எதிர்பொருள் ஊசி) வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28ஆம் நாள்கள்.

கிட்டில் ஒரு கோடு மட்டும் (நெகட்டிவ்) வந்தால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. கிட்டுக்குக் கிட் துல்லியம் மாறும். நம்பகமான சோதனை, ஆய்வகத்தில் மூளைத் திசுவை ஒளிரும் எதிர்பொருளால் சாயமேற்றிப் பார்ப்பது. இலங்கையில் பழந்தின்னி வவ்வாலிடம் ரேபிஸின் உறவுக்கார வைரஸையே கண்டுபிடித்தார்கள். நம்மூர் மரங்களில் தொங்குவதும் அதே இனம்தான்.

வவ்வாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.