வாசகர் கேள்வி: நீராவி ரயிலுக்குக் கைகாட்ட ஆசை

கேள்வி: பர்மிங்காமில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். அருகிலுள்ள செவர்ன் வேலி நீராவி ரயில் பாதையில், விடுமுறை நாட்களில் தன்னார்வலராகச் சிக்னல் கேபினில் பணியாற்ற ஆசை. ரயில்வே அனுபவம் கிடையாது. கைகாட்டிகளை இயக்கும் லிவரை இழுக்கும் அளவுக்கு உடல் வலுவும் இல்லை. எனக்குச் சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாக வரும். வேல்ஸில் டாலிலின் ரயிலைத் தன்னார்வலர்கள் 1951இல் ஏற்று நடத்தத் தொடங்கிய நாள் முதல், இத்தகைய பாதைகள் பலவும் உங்களைப் போல வேறு தொழில் பார்ப்பவர்களின் உழைப்பால்தான் ஓடுகின்றன. விதிகளைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை வேண்டும். அனுபவசாலி ஒருவரின் கண்பார்வையில் பல நாட்கள் பழகிய பிறகே கேபின் உங்கள் பொறுப்பில் வரும். ஒரு கேபினில் தேறியவர் அடுத்த கேபினுக்குப் போனால் அங்கும் முதலிலிருந்து பழக வேண்டும்.

கிட்டர்மின்ஸ்டருக்கும் பிரிட்ஜ்நார்த்துக்கும் இடையிலான 16 மைலும் பெரும்பாலும் ஒற்றைப் பாதை என்பதால், ஒரே பகுதிக்குள் இரண்டு ரயில்கள் எதிரெதிரே நுழைந்துவிடாமல் காப்பதே அங்கே தலையாய வேலை. ஒரு பகுதிக்குள் நுழைய ஓட்டுநர் கையில் இருக்க வேண்டிய அனுமதி அடையாளமே டோக்கன். பகுதியின் இரு முனைகளிலும் உள்ள டோக்கன் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது, அது ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பும்வரை இன்னொன்று வெளிவராது. பக்கத்துக் கேபினோடு பேச்சு மணியோசையில் நடக்கும்: ஒரு தட்டு என்றால் ‘கவனி’, இரண்டு என்றால் ரயில் பகுதிக்குள் நுழைந்துவிட்டது, இரண்டு தட்டி, சற்று நிறுத்தி, மறுபடி ஒன்று தட்டினால் வெளியேறிவிட்டது. ஆறு தட்டு தொடர்ந்து கேட்டால் பாதையில் ஆபத்து என்று பொருள். ரயிலை உடனே நிறுத்தியாக வேண்டும்.

லிவருக்குத் தோள் வலுவைவிட, காலை ஊன்றி உடல் எடையைப் பின்னால் சாய்த்து இழுக்கும் பழக்கமே முக்கியம். பளபளக்கும் எஃகுப் பிடியை வெறுங்கையால் தொட்டால் வியர்வையில் துரு ஏறும். ஆகவே எப்போதும் துணியைச் சுற்றித்தான் பிடிப்பார்கள். சிவப்பு லிவர் நிறுத்தக் கைகாட்டிக்கு, மஞ்சள் முன்கூட்டியே எச்சரிக்கும் தொலைக் கைகாட்டிக்கு, கறுப்பு ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டுக்கு. பாயிண்ட் சரியாக அமையாமல் கைகாட்டியை இறக்கப் பார்த்தால் லிவர் அசையாது. அதனோடு மல்லுக்கட்டாதீர்கள், தப்பு பெரும்பாலும் நம்முடையதாகத்தான் இருக்கும்.

கேள்வி: ரயில்களுக்கு இடையே வெகுநேரம் சும்மா இருக்க வேண்டுமாமே, அப்போது புத்தகம் படிக்கலாமா?

பதில்: கையில் பேனாவோடு பதிவேட்டைப் படியுங்கள். ஒவ்வொரு மணியும் எப்போது ஒலித்தது என்பதை அந்த நிமிடமே அதில் எழுத வேண்டும். 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில் கேபினில், விட்டுப்போன பதிவுகளை நகலெடுத்துக்கொண்டிருந்த பணியாளர், தான் சற்றுமுன் ஏறி வந்த ரயிலே பிரதான பாதையில் நிற்பதை மறந்து, படைவீரர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு வழிவிட்டார்; 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிற்கும் ரயிலை நினைவூட்ட லிவரில் மாட்ட வேண்டிய இரும்பு வளையத்தை அன்று எவரும் மாட்டவில்லை.